ஐந்து ரதம் சாலையில் ஒரு சிற்பப் பட்டறை: பிள்ளையாரும் அம்மியும் வாங்கிய அனுபவம்

மாமல்லபுரத்தில் கற்சிலை வாங்க வேண்டும், யாரை நம்பிப் போகலாம் என்று பழைய மாணவிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் அர்ச்சுனன் தபசின் முன்னால் உட்கார வைத்து, பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் அந்த மானை வரையச் சொல்வேன். யானையை வரைந்துவிடுவார்கள். மான்தான் ஆளைச் சோதிக்கும். அந்த வகையில் ஊரும் கல்லும் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஆனாலும் என் வீட்டுக்கென்று நான் காசு கொடுத்து வாங்கியவை இரண்டே பொருள்கள்: ஒரு பிள்ளையார், ஓர் அம்மி. இரண்டும் ஒரே பட்டறையில் வாங்கியவை, இரண்டும் கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் என் கைக்கு வந்தவை. அந்தப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை இல்லை. ஸ்தபதி தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து நின்றால் செய்து கொடுக்க ஆள் இல்லை என்பது அவர் கவலை. வழி மட்டும் சொல்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து ஐந்து ரதத்தை நோக்கி நடந்தால், பாதி வழி தாண்டியதும் ஒரு வேப்பமரம், அதை ஒட்டித் தகரக்கொட்டகை. வாசலில் முகம் செதுக்காத நந்தி ஒன்று கிடக்கும். எவரோ முன்பணம் கொடுத்துவிட்டு வராமலே போன நந்தி. அதன் முதுகில்தான் வருகிறவர்களுக்குத் தேநீர் டம்ளரை வைப்பார்கள்.

2020 மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக உள்ளே போனேன். அப்போது பட்டறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஐம்பது வயதை ஒட்டிய ஸ்தபதி, அவரிடம் தொழில் பழகிய இளைஞர்கள் இருவர், சிலைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் அம்மா ஒருவர். எனக்கு வேண்டியது 12 அங்குல உயரத்தில் உட்கார்ந்த பிள்ளையார். வீட்டுப் பூசைக்குத்தான். விலை கேட்பதற்கு முன்பே அவர் என்னைக் கல் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிப்போனார். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்டினார். ஒன்று மணி அடித்தாற்போல் ஒலித்தது, இன்னொன்று மண்பானையைத் தட்டியதுபோல் அடங்கிப்போனது. “உள்ளே கீறல் இருந்தால் சத்தம் செத்துவிடும் டீச்சர். செதுக்கி முடிக்கும்போது கை ஒடிந்து விழும்” என்றார். நன்றாக ஒலித்த கல்லில் காவியால் நடுக்கோடு போட்டு, குறுக்குக் கோடுகளை அளந்து இழுத்தார். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டால் மொத்த உடல் ஐந்து தாலம். தெய்வங்களின் பெரிய உருவங்களுக்கு ஒன்பது, பத்து தாலம் வரும். பிள்ளையார் குட்டையும் கொழுப்புமாக நம் கண்ணுக்குக் குழந்தையாகத் தெரிவதற்கு அந்த ஐந்துதான் காரணம். கரும்பலகையில் எத்தனையோ முறை நான் நடத்திய பாடம் அது. ஒருவர் கல்லின் மேல் அதைக் கோடாக இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான்.

விலை 11,000 ரூபாய் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. கல், உளி, நாற்பது நாள் வேலை எல்லாம் அதில் அடக்கம். முன்பணம் 4,000 கொடுத்தேன். சித்திரை பிறந்ததும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிவதற்காக. மாசி மகத்தை ஒட்டி இருளர்கள் கடற்கரை மணலில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஆண்டுதோறும் கன்னியம்மனைக் கும்பிடக் குடும்பம் குடும்பமாக அங்கே கூடுகிறவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டுப் பயணிகள். ஐந்து மாதங்களுக்கு முன், 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்ததிலிருந்து, வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள உள்ளூர்க் கூட்டம் இரண்டு பங்காகிவிட்டது என்றார் ஸ்தபதி. அந்தத் தெம்பில் ஒரு லாரிக் கல்லைக் கடனுக்கு இறக்கி வைத்திருந்தார். வேப்பமரத்தின் பின்னால் அது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

ஒன்பதாவது நாள், மார்ச் 17-இல், நாடு முழுவதும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் மூடப்பட்டன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், புலிக்குகை எல்லாம் அதில் சேர்ந்தவை. சுற்றுலா விசாக்கள் அதற்கு முன்பே, 13-ஆம் தேதியே நிறுத்தப்பட்டிருந்தன. 25-ஆம் தேதி முதல் நாடே அடங்கியது.

மே மாதத்தில் ஒருநாள் ஸ்தபதியிடமிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையார் பாதியில் நிற்கிறது, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் இப்போது கொடுக்க இயலாது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. மீதி 7,000 ரூபாயையும் அன்றே அனுப்பிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று மறுத்தார். வேலை முடியாமல் கூலி வாங்குவது அவர்கள் வழக்கத்தில் இல்லையாம். கடைசியில் 3,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். வேலை கொடுத்தவர் பணத்தோடு காத்திருக்க, அதை வாங்கிக்கொள்ளாத ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இரண்டு வருமானம் உண்டு. கோயில் வேலை ஒன்று. தூண், விமானத்துப் பொம்மை, மூலவர் என்று உள்ளூரிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியா, இலண்டன் போன்ற இடங்களிலிருந்தும் வரும். சுற்றுலாப் பயணி வாங்கிப்போகும் கையடக்கச் சிலைகள் இன்னொன்று. ஒன்று படுத்தாலும் மற்றொன்று தாங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு பயணிகள் வராத மாதங்களில் கோயில் வேலைதான் சோறு போட்டது என்றார் அவர். இந்தமுறை இரண்டும் ஒரே வாரத்தில் நின்றுபோயின. கோயில்கள் அடைபட்டன, கும்பாபிஷேகங்கள் தள்ளிப்போயின. மலேசியாவுக்குப் போக வேண்டிய இரண்டு துவாரபாலகர்கள் வைக்கோல் சுற்றி மரப்பெட்டிக்குள் ஆணி அடித்த நிலையில் ஓர் ஆண்டுக்கு மேல் கொட்டகையிலேயே நின்றார்கள். கல்லுக்குப் பட்ட கடன் மட்டும் வட்டியோடு ஏறியது. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாய் வந்தது, ரேஷன் அரிசி வந்தது. அதனால் பட்டினி இல்லை என்று அவர் பல முறை அழுத்திச் சொன்னார். அதையும் எழுத வேண்டியது என் கடமை.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஊரின் சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. பூட்டு விழுந்தது சீசனின் கடைசியில். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்களுக்குக் கையிருப்பு இருந்தது. ‘மழை முடிந்தால் வெள்ளைக்காரர்கள் வந்துவிடுவார்கள்’ என்று தெருவே பேசிக்கொண்டது. நவம்பர் வந்தது, விமானம் வரவில்லை. வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27-இல்தான். அதற்குள் இரண்டு சீசன்கள் கைவிட்டுப் போயிருந்தன. நகையை அடகு வைத்ததும், வண்டியை விற்றதும், பிள்ளையைக் கல்லூரியிலிருந்து நிறுத்தியதும் முதல் ஊரடங்கில் நடந்தவை அல்ல, அந்த இரண்டாவது சீசனில்தான் என்றார்.

2020 அக்டோபரில், வெளி மாவட்ட பஸ்கள் ஓடத் தொடங்கிய மறுமாதம், திருவான்மியூரில் ஏறிப் போனேன். முகக்கவசத்தோடு பஸ்ஸில் எட்டுப் பேர். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருப்பதால் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்க முடிந்தது. அத்தனை ஆண்டுகளில் அந்தப் பாறையின் முன்னால் தனியாக நான் நின்றதே இல்லை. மானை அவ்வளவு நேரம் பார்த்ததும் இல்லை. ஒத்தவாடைத் தெருவில் மாடி உணவகங்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிய விலைப் பலகைகள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. சங்கு, சிப்பி விற்கும் கடைகளில் ஒன்று திறந்திருந்தது, அங்கே காய்கறி விற்றார்கள். ஒரு சின்ன மெஸ்ஸில் மட்டும் சாப்பாடு கிடைத்தது. மீன்குழம்பு மிக நன்றாக இருந்தது. இலை போட்ட அம்மாவிடம் சொன்னேன். காலையிலிருந்து நான்தான் நான்காவது ஆள் என்றார்.

பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்தபதியும் ஓர் இளைஞரும் எதிரெதிரே உட்கார்ந்து அம்மி கொத்திக்கொண்டிருந்தார்கள். கடனுக்கு இறக்கிய அந்தக் கல் அத்தனையும் அம்மியாகவும் உரலாகவும் ஆகிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் வீட்டோடு இருந்த சென்னைக்காரர்கள் சிலர் தேடி வந்து கேட்க, அவர் ஒப்புக்கொண்டாராம். ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் கூவிப் போகிறவர்களின் வேலைக்கும் ஸ்தபதி வேலைக்கும் இடையே அந்தத் தொழிலில் பெரிய சுவர் இருக்கிறது. அவர் அதைத் தாண்டியிருந்தார். வெட்கப்பட்டாரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. “இதுவும் கல்தானே டீச்சர், குழம்புக்கு உதவட்டும்” என்று அவராகவே சொன்னார்.

ஓர் அம்மி எனக்கும் வேண்டும் என்றேன். 2,200 ரூபாய், குழவியோடு. அன்றிலிருந்து அன்றாடம் அதில்தான் துவையலும் மீன் மசாலாவும் அரைக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்ல முடியும், இதுபோன்ற அம்மி என் அம்மா வீட்டுக்குப் பிறகு என் கைக்குக் கிடைக்கவில்லை. சாலையோரக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் இயந்திரத்தில் அறுத்த பலகைகள். மேலே ஒப்புக்கு நாலு கொத்து இருக்கும், ஆறு மாதத்தில் வழுவழுப்பாகிவிடும், தேங்காய் குழவிக்கு அடியில் சிக்காமல் நழுவும். இவர் அம்மியில் நடுப்பகுதி மயிரிழை அளவு தாழ்ந்திருக்கிறது, அரைத்த விழுது ஓரத்துக்கு ஓடாமல் நடுவிலேயே நிற்கும். கொத்துகள் வரிசை பிசகாமல் சாய்வாக இருக்கின்றன. குழவியின் இரு முனையும் என் உள்ளங்கையில் உறுத்தாமல் அடங்கும்படி உருட்டியிருக்கிறார். என் கையை ஒருமுறை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் குழவியை எடுத்தார். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது அம்மியில் உடனே சமையலுக்கு அரைக்கக் கூடாது. தவிடு போட்டு ஐந்தாறு முறை, பிறகு ஊறவைத்த அரிசியும் கல்லுப்பும் போட்டு மூன்று நான்கு முறை அரைத்துக் கொட்ட வேண்டும். விழுது சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும் வரை பொறுமை வேண்டும். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

இப்போது பிள்ளையார். 2021 பிப்ரவரியில், சொன்ன தேதிக்குப் பத்து மாதம் கழித்து, வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். தம்பி மகனின் காரில் போனேன். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கோயில்களும் குகைகளும் திறந்திருந்தன. நுழைவுச் சீட்டைக் கைப்பேசியில் மட்டுமே எடுக்க முடிந்தது. ஐந்து ரதத்தின் வாசலில் ஒரு வயதான தம்பதிக்கு என் தம்பி மகன் எடுத்துக் கொடுத்தான்.

சிலை மரப்பலகை மேல் ஈரத்துணி போர்த்தி இருந்தது. துணியை எடுத்ததும் நான் கும்பிட்டேன். தும்பிக்கை இடப்பக்கம் வளைந்து மோதகத்தின் மேல் நுனியை மட்டும் வைத்திருந்தது. அந்த நுனியில் யானைக்கு இருக்கும் சின்ன மடிப்பு கூடத் தெரிந்தது. வயிற்றில் கட்டிய பாம்பின் செதில்கள் முன்பக்கம் வரை வந்து, இடுப்பு திரும்பும் இடத்தில் மெல்ல மெல்ல மறைந்தன. ஒடிந்த தந்தம் வலக்கையில். கால்நகங்கள் பத்தும் தனித்தனி. பளபளப்பு அளவோடு இருந்தது. கண்ணாடிபோல் தேய்த்துத் தள்ளாமல், நெற்றியிலும் வயிற்றிலும் மட்டும் மெருகு ஏற்றி, ஆடை மடிப்பில் உளித்தடத்தை விட்டிருந்தார்கள். விளக்கு ஏற்றி வைத்தால் அந்தத் தடங்களில் நிழல் விழுந்து ஆடை அசைவதுபோல் தெரிகிறது.

“டீச்சர், இந்தக் காதைப் பாருங்கள்” என்றார் ஸ்தபதி. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானே பார்த்திருப்பேனா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. வலக்காது ஊரடங்குக்கு முன் செதுக்கியது. மடல் வெற்றிலைபோல் மெலிந்து, கீழ்ப்பக்கம் ஒரு சின்ன அலையோடு முடிகிறது, யானை இப்போதுதான் காதை ஆட்டி நிறுத்தியது மாதிரி. இடக்காது செப்டம்பருக்குப் பிறகு செதுக்கியது. அளவு சரி, வடிவம் சரி. ஆனால் விளிம்பு ஒரு நூல் தடிப்பு. அந்த அலை இருக்கிறது, இருந்தாலும் அது கோட்டில் இருக்கிறதே தவிரக் கல்லில் இல்லை. விரலால் தடவினால் கண்ணைவிடத் தெளிவாகத் தெரியும். ஐந்து மாதம் அம்மி கொத்திய கை, ஓங்கி அடிக்கப் பழகிவிட்டது, காதுமடலுக்கு வேண்டிய சின்ன அடி வரவே மாட்டேன் என்கிறது என்றார். இன்னும் மெலிதாக்கப் போனால் உடைந்துவிடும் என்ற பயம் தனக்கு அதுவரை வந்ததே இல்லை, இந்தக் காதில்தான் முதலில் வந்தது என்றும் சொன்னார். வேறு செய்து தருகிறேன், மூன்று மாதம் கொடுங்கள் என்று கேட்டார்.

நான் இதையே எடுத்துக்கொண்டேன். பூசையறையில் அது என் இடப்பக்கம் இருக்கிறது, தினமும் காலையில் துடைக்கும்போது இரண்டு காதுகளையும் விரல் தானாகத் தொடுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2017-இல் கிடைத்தது, 1984-இலேயே நினைவுச்சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. குகையும் ரதமும் பூட்டிக் கிடந்தாலும் அப்படியே இருக்கும். 1,300 ஆண்டுகளாக இருப்பவை, இன்னும் ஓர் ஆண்டு இருக்காதா? கை அப்படி இல்லை. அரசியலோ நோயோ, எதனால் ஊரை மூட நேர்ந்தாலும், சிற்பியின் கையில் கல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள ஏதாவது வழி செய்திருக்க வேண்டும். பள்ளிகளுக்கு ஆளுக்கொரு திருவள்ளுவர் சிலை செய்யச் சொல்லியிருக்கலாம். பூங்காக்களுக்கு யானைகள் செய்யச் சொல்லியிருக்கலாம். 1957 முதல் அதே ஊரில் சிற்பக் கல்லூரி நடக்கிறது, கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த கல்லூரி. வரைந்து கொடுக்கவும் மேற்பார்க்கவும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பொட்டலம் கட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் நார், அதன் மேல் சாக்கு, அதன் மேல் மரச்சட்டம். காதுகளுக்கும் தும்பிக்கைக்கும் தனியாகப் பஞ்சு. ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. என் மாணவி ஒருத்தி 2022-இல் இதே பட்டறையில் வாங்கிய சின்ன நந்தியைப் பார்சல் நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்பச் சொன்னாள், கொம்பு ஒடிந்து வந்தது. ஸ்தபதி காசு வாங்காமல் வேறு செய்து கொடுத்தார். முடிந்தவரை நேரில் போய் எடுத்து வாருங்கள்.

2021 ஏப்ரல் 16-இல் சின்னங்கள் மறுபடி மூடப்பட்டன. இரண்டாவது அலையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பட்டறைக்காரர்கள் உயிரோடு தப்பினார்கள், தெருவில் எல்லாரும் தப்பவில்லை. அந்த மாதங்களில்தான் இரண்டு இளைஞர்களில் மூத்தவர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம், போக வர வண்டி. பதினான்கு வயதில் உளி காய்ச்சக் கற்றுக்கொண்டு, பத்து ஆண்டுகள் இவரிடம் இருந்தவர். பாம்பின் செதில்களைச் செதுக்கியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. பெண் பார்க்கிற வயது, நான் எப்படித் தடுப்பது என்றார் ஸ்தபதி.

2022 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. 2021-22-இல் வெளிநாட்டவர் அதிகம் பார்த்த நினைவுச்சின்னம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம் என்று மத்திய சுற்றுலாத் துறையின் புள்ளிவிவரம் சொல்லியது. 1,44,984 பேர். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் முடிந்திருந்தது. சாலையெல்லாம் புதுத் தார், பாலமெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தொலைபேசியில் அவருக்கு அந்த எண்ணைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஊருக்கு வந்திருப்பார்கள். நம் வாசலுக்கு வந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். சீக்கிரம் வரட்டும்” என்றார். எனக்குத் தெரிந்து அந்த ஆண்டில் வெளியூர்க்காரர்களுக்கு அவர் விற்றதில் முக்கால்வாசி அம்மிதான்.

2023 ஜனவரியில் பொங்கல் முடிந்து போய் வந்தேன். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது கொட்டகையின் கீற்று முழுவதும் பறந்துவிட்டது, இப்போது தகரம் போட்டிருக்கிறார். துவாரபாலகர்கள் ஒருவழியாக மலேசியா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது, திருப்பணி நடக்கும் ஒரு கோயிலுக்கு எட்டுத் தூண்கள். தேய்க்கும் அம்மா இருக்கிறார். இளைய பையன் இருக்கிறார், செதில் வேலையை இப்போது அவர் பழகுகிறார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் கிடைக்காது, ஒரு மாதமாவது கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரசீது என்றால் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். அட்டை தேய்க்கும் கருவி இல்லை, கைப்பேசியில் பணம் அனுப்பலாம். கழிவறை கிடையாது, பெண்கள் பஸ் நிலையத்திலேயே பார்த்துக்கொண்டு வருவது நல்லது. கல்தூசி பறக்கும். அறுக்கும் இயந்திரம் ஓடும்போது குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். ஸ்தபதியே இப்போதெல்லாம் முகக்கவசம் இல்லாமல் உட்காருவதில்லை. தொற்றுக் காலத்தில் பழகியதாம், அதற்கு முன் முப்பது ஆண்டுகள் துண்டைக்கூட மூக்கில் கட்டாமல் தூசியை விழுங்கியிருக்கிறார். அது தொடரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

சாலையோரக் கடைகளில் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னச் சிலைகளைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவை மாக்கல், நகத்தால் கீறினாலே கோடு விழும், பரிசளிக்க நன்றாக இருக்கும். மாக்கல்லைக் கருங்கல் என்று சொல்லி விற்றால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். கறுப்பாக மினுக்குவதற்காக எண்ணெயும் கரியும் பூசிய சிலைகளும் உண்டு. அடிப்பாகத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேரம் பேசுவது உங்கள் விருப்பம். இந்தப் பட்டறையில் மட்டும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையாருக்கும் அம்மிக்கும் நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இடக்காதுக்காக அரை மதிப்பெண் குறைக்கும்படி அவரே சொன்னார், குறைக்கவில்லை.

என் அம்மியில் கொத்து தேய்ந்துவிட்டது. தீட்டிக் கொடுக்கச் சொல்லி இந்தமுறை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரச் சொன்னார். அன்று மூத்தவருக்கு ஆலையில் விடுமுறை. வாரம் தவறாமல் வந்து, தன் உளிகளைக் காய்ச்சித் தோய்த்து வைத்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பிப் போகிறாராம். அம்மியை அவர் கொத்தித் தருவார் என்றார்.